காலேஜ் கமிட்டியா, மகளிர் ஸ்டேஷனா? எங்க மொதல்ல போவணும்?

மேலப்பாளையம் ஹாஸ்டல் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

பொம்பளைப் பிள்ளைக தங்குற தனியார் ஹாஸ்டல் பாத்துக்கிடுதேன். பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டின்னு எல்லாப் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகளும் இருக்கு. நேராவே கேக்கேன். கூடப் படிக்கிற பையன், காதலிச்ச பையனாவே இருக்கட்டும், அடிக்கான், மிரட்டுதான், வேண்டாம்னாலும் தொடுதான்னா எங்க புகார் குடுக்கணும்? காலேஜ்ல ஐ.சி.சி.ன்னு, பாலியல் புகாரை விசாரிக்கிற உள்புகார்க் கமிட்டியோட போர்டு ஒண்ணு தொங்குது. "காதல் சண்டையெல்லாம் கமிட்டி எடுக்காது. ஸ்டேஷனுக்குப் போனா பேரு வெளிய வந்துரும். ரெண்டுல ஒரு எடத்துக்குத்தான் போக முடியும்"னு ஒரு பேச்சு சுத்துது. எது நெசம்?

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 9 ஆகஸ்ட், இரவு 10.25

மூணுமே அப்படியே நெசமில்ல.

ரெண்டு எடத்துலயும் ஒரே நாள்ல குடுக்கலாம். கமிட்டி பாக்கது கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை. மிஞ்சிப் போனா பையனைக் கல்லூரியை விட்டு நீக்கும். ஸ்டேஷன் பாக்கது குற்ற வழக்கு. ஒண்ணு முடியுற வரைக்கும் இன்னொண்ணு காத்துக் கெடக்கணும்னு எங்கயும் இல்ல. 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தோட 19ஆம் பிரிவு, அந்தப் பொண்ணு போலீசுக்குப் போக நெனச்சா நிர்வாகம் ஒத்தாசை பண்ணணும்னே சொல்லுது.

"காதல் சண்டை"ன்னு ஒதுக்குறதுக்கும் விதியில எடம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி.யோட 2015 விதிமுறை, முந்தி பழகினாங்களான்னு கேக்கல. விரும்பத்தகாத செயலான்னுதான் கேக்குது. போன மாசம் சேர்ந்து காபி குடிச்சது இந்த மாசம் கையைப் புடிச்சு இழுக்கதுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. இப்ப உள்ள குற்றச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 63லயும் எதுத்துப் போராடலங்கிறதை மட்டும் வச்சு சம்மதம்னு எடுக்கக் கூடாதுன்னு விளக்கம் இருக்கு.

எடம்தான் கொஞ்சம் சிக்கல். வளாகம்னா கட்டடம் மட்டும் இல்ல. ஹாஸ்டல், கேண்டீன், வண்டி நிறுத்துற எடம், அம்பாசமுத்திரத்துல இருந்தும் தென்காசியில இருந்தும் வார காலேஜ் பஸ், குத்தாலம் டூர், என்.எஸ்.எஸ். முகாம், இன்டர்ன்ஷிப் போற கம்பெனி எல்லாம் சேரும். ஞாயித்துக்கிழமை வெளிய ஒரு வாடகை ரூம்ல நடந்ததுன்னா கமிட்டி தயங்கும். ஆனா திங்கக்கிழமை கிளாஸ் வாசல்ல நின்னு மிரட்டினான்னா அந்தப் பகுதி கமிட்டிக்கு உள்ள வந்துரும். புகார்ல ரெண்டையும் எழுதணும்.

பாளை பேராசிரியர் | 10 ஆகஸ்ட், காலை 6.50

வக்கீலம்மா சொன்னதோடு ஒன்று. போர்டு தொங்கினால் போதாது, போர்டில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். யு.ஜி.சி. விதிமுறைப்படி தலைவர் மூத்த பெண் ஆசிரியர். பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியருக்குக் குறையக் கூடாது, கல்லூரி என்றால் இணைப் பேராசிரியருக்குக் குறையக் கூடாது. இரண்டு ஆசிரியர், இரண்டு ஆசிரியரல்லாத பணியாளர், வெளியில் இருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலையில் இருந்து மூன்று மாணவர்கள். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதிவாளர், டீன், துறைத்தலைவர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. பல இடங்களில் துறைத்தலைவர்தான் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பார். மாணவப் பிரதிநிதி இருக்கவே மாட்டார்.

இது சின்ன விஷயம் இல்லை. தண்டனை பெற்ற பையன் மேல்முறையீட்டில் முதலில் தட்டுவது இந்தக் கதவைத்தான். கமிட்டியின் அமைப்பே தவறு என்று காட்டிவிட்டால் விசாரணை முழுவதும் வீண்.

மேலப்பாளையம் ஹாஸ்டல் | 10 ஆகஸ்ட், காலை 8.15

போர்டைப் பாத்தேன் சார். வெயில்ல பாதி எழுத்து போயிட்டு. தலைவர் பேருக்கு நேர இருக்கிற நம்பர்ல பத்து எழுத்துக்கு ஒம்பதுதான் இருக்கு.

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 10 ஆகஸ்ட், காலை 8.40

அல்வா ஊர்ல அல்வா குடுக்கதுல ஆச்சரியம் என்ன? போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. அதுவும் ஆதாரம்தான்.

ஐகிரவுண்டு சிஸ்டர் | 10 ஆகஸ்ட், மதியம் 2.30

கமிட்டி, ஸ்டேஷன் ரெண்டுக்கும் முந்தி ஆஸ்பத்திரி இருக்கு. அதை யாருமே சொல்லலியே.

வன்புணர்வுன்னா எஃப்.ஐ.ஆர். இல்லாமலே நேரா கேசுவாலிட்டிக்கு வரலாம். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக் குடுத்தே ஆகணும் (குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 397ஆம் பிரிவு). "மொதல்ல ஸ்டேஷன் போயிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புனா அதுவே குத்தம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனா பரிசோதனை வேண்டாம், கேஸ் வேண்டாம்னா அதை எழுதி வாங்கிக்கிட்டு சிகிச்சை மட்டும் குடுக்கணும். வேண்டாம்னு சொன்னதால மருந்தை நிறுத்த முடியாது.

நேரக்கணக்கு முக்கியம். கர்ப்பத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு வெரசாப் போட்டா அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கி 28 நாள் விடாம சாப்பிடணும். மூணாம் நாள் சாயங்காலம் வந்தா கதவு மூடுத நேரம். தடயம் எடுக்கது 96 மணி நேரம் வரைக்கும். குளிச்சிட்டா, துணி துவைச்சிட்டா எல்லாம் போச்சுன்னு வராம இருக்காதீங்க. காயம் இருக்கும், மருந்து தேவைப்படும், டாக்டர் எழுதுத பதிவும் ஆதாரம்தான்.

துணியை மாத்தியிருந்தா பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க. ஈரம் உள்ளயே நின்னு பூசணம் புடிச்சிரும். நெழல்ல காய விட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனி காகிதக் கவர்ல போடணும்.

இன்னொண்ணு. ரெண்டு விரல் பரிசோதனை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2013லயே சொல்லிட்டு. 2022ல, அதைச் செய்தா நடத்தை மீறல்னும் சொல்லிட்டு. யாராவது செய்ய வந்தா "வேண்டாம்"னு சொல்லுங்க, பேரைக் குறிச்சுக்கிடுங்க.

தச்சநல்லூர் தம்பி | 10 ஆகஸ்ட், இரவு 11.05

போட்டோ மிரட்டல் பத்தி யாரும் எழுதல, நான் எழுதுதேன். "பிரேக்கப்னா குரூப்ல போட்டுருவேன்" கேஸ்தான் இப்ப நெறைய.

மொதல்ல செய்யக் கூடாதது: கோவத்துல சாட்டை அழிக்காதீங்க. பிளாக் பண்ணுததுக்கு முன்னால சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ஸ்கிரீன்ஷாட்ல மேல நம்பரும், தேதியும் நேரமும் தெரியணும். வெறும் காண்டாக்ட் பேரு மட்டும் தெரிஞ்சா "அது நான் இல்ல"ன்னு சொல்லிருவான். மெசேஜ் வந்த போனை மாத்தாதீங்க, ரீசெட் போடாதீங்க. கோர்ட்டுல மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வோட 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேப்பாங்க, அதுக்கு மூலக் கருவி கையில இருக்கிறது நல்லது. பணம் குடுக்காதீங்க. ஒரு தடவை குடுத்தா நிக்காது.

பொறவு, ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.ன்னு ஒரு தளம் இருக்கு. 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. படம் நம்ம போனை விட்டு வெளிய போகாது. அதோட கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் எண் மட்டும் போகும். அதுல சேர்ந்திருக்கிற கம்பெனிகள் அந்தப் படம் தங்களோட தளத்துல ஏறாமத் தடுக்கும். ஏறிட்டுன்னா தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதணும், 2021 ஐ.டி. விதிப்படி அந்தரங்கப் படத்தைக் குறிச்ச கெடுவுக்குள்ள எடுக்கணும். 1930க்கு எல்லாரும் அடிக்காங்க, அது முக்கியமா பண மோசடிக்கு. இதுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துல பெண்கள், குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி இருக்கு, பேர் சொல்லாமலும் போடலாம்.

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 11 ஆகஸ்ட், காலை 7.10

தம்பி எழுதினது சரி, ஒரு ஒட்டு மட்டும். பேர் சொல்லாமப் போட்டா படம் இறங்கலாம், வழக்கு நகராது. வழக்கு வேணும்னா பேரோட போடணும். அப்புறம், "நீயே அனுப்பினதுதானே"ன்னு ஸ்டேஷன்ல கேப்பாங்க. பி.என்.எஸ். 77 தெளிவா இருக்கு: எடுக்கச் சம்மதிச்சாலும் பரப்பச் சம்மதிக்கலன்னா குற்றம்தான்.

மேலப்பாளையம் ஹாஸ்டல் | 11 ஆகஸ்ட், காலை 9.30

ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக பாதிப் பேருக்கு 17தான் ஆகுது. அவங்களுக்கும் இதே வழியா?

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 11 ஆகஸ்ட், காலை 10.00

நல்ல கேள்வி, கல்லூரிகள் வழுக்கி விழுற எடம் இது. 18 முடியலன்னா போக்சோ, அதாவது பாலியல் குற்றத்துல இருந்து குழந்தைகளைக் காக்கிற சட்டம். அங்க "சம்மதம்"ங்கிற பேச்சே கிடையாது. தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும், ஹாஸ்டல் பாக்கிற நீங்க உட்பட, போலீசுக்குச் சொல்லியே ஆகணும் (19ஆம் பிரிவு). மறைச்சா 21ஆம் பிரிவுல ஆறு மாசம் வரை, தன் கீழ வேலை பாக்கிறவன் செஞ்சதை நிறுவனத் தலைவர் மறைச்சா ஒரு வருஷம் வரை. கமிட்டி உக்காந்து "நாங்க விசாரிச்சுட்டுச் சொல்லுதோம்"னு நாள் கடத்தக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அடிக்கலாம். அட்மிஷன் ஃபைல்ல பிறந்த தேதியைப் பாக்காம எந்தப் புகாரையும் தொடாதீங்க.

பாளை பேராசிரியர் | 11 ஆகஸ்ட், மாலை 5.20

புகார்க் கடிதம் எழுதுவது பற்றி யாராவது சொல்லுங்கள். "அவன் என்னிடம் தவறாக நடந்துகொண்டான், தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரே வரியில் வரும் புகாரை வைத்து எந்தக் கமிட்டியும் ஒன்றும் செய்ய முடியாது.

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 11 ஆகஸ்ட், இரவு 9.45

ஒவ்வொரு சம்பவமும் தனிப் பத்தி. தேதி, நேரம், எடம். அவன் என்ன செஞ்சான், எந்தக் கையால எங்க தொட்டான், என்ன சொன்னான். கெட்ட வார்த்தைன்னா அதே வார்த்தையில. நாகரிகமா மாத்தி எழுதாதீங்க, மாத்துனா குறுக்கு விசாரணையில உதைக்கும். யார் பாத்தா, நடந்த பொறவு மொதல்ல யார்கிட்ட சொன்னா. அந்தத் தோழியோட வாட்சப்ல அன்னைக்கு ராத்திரி அழுதுக்கிட்டே போட்ட வாய்ஸ் நோட்டு பல நேரம் நேரடி சாட்சியை விட வலுவா நிக்கும். தேதி மறந்துட்டா ஊகிச்சு எழுத வேண்டாம். "இன்டர்னல் பரீட்சைக்கு முந்தின வாரம்"னு எழுதுங்க, போதும்.

கடைசிப் பத்தியில இடைக்கால நிவாரணம் கேக்கணும், எல்லாரும் விடுறது இதுதான். பையனை வேற செக்‌ஷனுக்கு மாத்தணும், அவ பக்கத்துலயே வரக் கூடாதுன்னு உத்தரவு போடணும், தேவைன்னா மூணு மாசம் வரைக்கும் லீவு வேணும், ஆசிரியர் மேல புகார்னா அவர் அவ பேப்பரைத் திருத்தக் கூடாது. விதியில இருக்கு, ஆனா கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க.

கெடு: கடைசியா நடந்த சம்பவத்துல இருந்து மூணு மாசம். தக்க காரணம் இருந்தா கமிட்டி இன்னும் மூணு மாசம் நீட்டலாம். தொடர்ச்சியா நடந்ததுன்னா கடைசி மெசேஜ் வந்த தேதியில இருந்து எண்ணணும், மொத நாள்ல இருந்து இல்ல. புகார் வந்த ஏழு நாள்ல நகல் பையனுக்குப் போகணும், பத்து நாள்ல அவன் பதில், 90 நாள்ல விசாரணை முடிவு, பத்து நாள்ல அறிக்கை. அறிக்கை மேல மேல்முறையீடு போக 30 நாள்.

ஐகிரவுண்டு சிஸ்டர் | 12 ஆகஸ்ட், அதிகாலை 5.40

நைட் ட்யூட்டி முடியுத நேரம், ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். காதலன் "சும்மா கழுத்தைப் புடிச்சான், விட்டுட்டான்"னு சொல்லுத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீங்க. கழுத்தை நெரிச்ச பல பேருக்கு வெளிய ஒரு கோடு கூடத் தெரியாது. குரல் கம்முதா, முழுங்க வலிக்குதா, கண்ணு வெள்ளையில செவப்புப் புள்ளி இருக்கா, தலை சுத்துதா, அந்த நேரத்துல ஒண்ணுக்கு போயிட்டாளான்னு கேளுங்க. ஒண்ணு இருந்தாலும் உடனே கேசுவாலிட்டி. உள்ள ரத்தக்குழாய் கிழிஞ்சு ஒரு நாள் கழிச்சுக் கூட பக்கவாதம் வரலாம்.

ஒரு தடவை கழுத்தைப் புடிச்சவன் பின்னால கொலை வரைக்கும் போற ஆபத்து பல மடங்கு அதிகம்னு 2008ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்திருக்கு. கன்னத்துல அறையறதையும் கழுத்தைப் புடிக்கதையும் ஒரே கணக்குல வைக்காதீங்க. பிரியுத நேரம்தான் ரொம்ப ஆபத்து. "கடைசியா ஒரு தடவை பேசிட்டு வாரேன்"னு தனியா அனுப்பவே கூடாது.

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 12 ஆகஸ்ட், காலை 8.00

சிஸ்டர் சொன்னதுக்குச் சட்டப் பக்கம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல பாதுகாப்பு உத்தரவு வாங்கலாமேன்னு கேப்பாங்க. சும்மா பழகினவங்களுக்கு அது கெடைக்காது. கல்யாணம் மாதிரியான உறவு, ஒரே வீட்டு வாழ்க்கை வேணும்னு 2010ல வேலுசாமி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. அதனால பி.என்.எஸ்.தான்: பின்தொடர்ந்தா 78, வழி மறிச்சா 126, அடிச்சா 115, மிரட்டினா 351, மானபங்கம்னா 74. கழுத்தை நெரிச்சது கொல்லுத நோக்கத்தோடதான்னா 109. எஸ்.ஐ. சாதாரண அடிதடின்னு 115 மட்டும் போட்டு முடிக்கப் பாப்பாங்க. டாக்டர் எழுதின காய விவரத்தை நகல் வாங்கி கூடக் குடுங்க.

மேலப்பாளையம் ஹாஸ்டல் | 12 ஆகஸ்ட், மதியம் 1.15

பிள்ளைக போலீசுக்கு பயப்படல. "வீட்டுல தெரிஞ்சிரும்"னுதான் பயப்படுதுக. அதுவும் பையன் வேற சாதின்னா...

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 12 ஆகஸ்ட், இரவு 10.30

நம்ம ஊர்ல இதைத் தொடாம இந்தப் பேச்சே முழுமையாகாது. போன மாசம் கே.டி.சி. நகர்ல அந்த ஐ.டி. பையனை வெட்டிக் கொன்ன பொறவு எந்தப் பிள்ளைக்கும் இதை வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. அந்த பயத்தையே ஆயுதமா வச்சு மிரட்டுதான்: "உங்க அண்ணன்கிட்ட சொல்லட்டா?" இந்த மிரட்டலையும் புகார்ல அதே வார்த்தையில எழுதணும்.

18 முடிஞ்ச பொண்ணோட புகாருக்கு அப்பா அம்மா கையெழுத்து தேவையில்ல. வார்டனோ முதல்வரோ வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னா 2013 சட்டத்தோட 16ஆம் பிரிவு ரகசியக் காப்பு மீறல். அந்த ஒரு போன்லதான் பல பிள்ளைகளோட படிப்பு நிக்குது, ரெண்டு மாசத்துல மாப்பிள்ளை பாத்துருதாங்க. புகார்லயே "என் எழுத்துமூல அனுமதி இல்லாம என் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டாம்"னு ஒரு வரி சேருங்க.

பொண்ணு பட்டியல் சாதி, அவன் எஸ்.சி./எஸ்.டி. இல்லாத வேற சாதின்னா எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(டபிள்யூ) சேரும். டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாதவர் விசாரிக்கணும், முன்ஜாமீன் கிடையாது, படிப்படியா நிவாரணத் தொகை உண்டு. சாதிச் சான்றிதழ் நகலை மொத நாளே குடுக்கணும். ஸ்டேஷன்ல இதைத் தானா சேர்க்க மாட்டாங்க.

மறுபக்கமும் உண்டு. காதலை முறிக்க வீட்டுக்காரங்களே பொண்ணு பேர்ல புகார் எழுதிக் கொண்டு வருவாங்க. அதனால கமிட்டி எப்பவும் பொண்ணைத் தனியா வச்சுப் பேசணும், அப்பா பக்கத்துல உக்காந்திருக்கையில இல்ல. மாஜிஸ்திரேட் முன்னால குடுக்கிற பி.என்.எஸ்.எஸ். 183 வாக்குமூலத்துக்கும் இது பொருந்தும்.

பாளை பேராசிரியர் | 13 ஆகஸ்ட், காலை 7.00

கமிட்டிகளில் முதல் கேள்வி "ஏன் கத்தவில்லை?" ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பிறகு சிகிச்சைக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 70 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் உடல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்து போயிருந்தது. கை கால் அசையாது, குரல் எழும்பாது. ஆக அந்தக் கேள்வியால் விசாரணைக்கு ஒரு பயனும் இல்லை.

கொஞ்சம் தடம் மாறுகிறேன். கல்லூரிகளில் ஆண்டுக்கொரு படிவம் வரும்: "பாலியல் தொல்லை உண்டா? ஆம் / இல்லை." எல்லோரும் இல்லை போடுவார்கள், அறிக்கை சுத்தமாகப் போகும். மேரி காஸ் 1987இல் அமெரிக்காவின் 32 கல்வி நிறுவனங்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் கேட்டபோது "வன்புணர்வு" என்ற சொல்லையே வைக்கவில்லை. நடந்த செயலை விவரித்து, இப்படி நடந்ததா என்று கேட்டார். அப்போதுதான் எண்ணிக்கை வெளியே வந்தது. செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தெரிந்தவர்கள் என்பதும் வெளியே வந்தது. நம் படிவத்தையும் அப்படி மாற்றிப் பாருங்கள்: "விருப்பமில்லாத போது யாராவது முத்தமிட்டார்களா? பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினார்களா?"

தச்சநல்லூர் தம்பி | 13 ஆகஸ்ட், காலை 9.20

ஆம்பளைப் பசங்களுக்கு நடந்தா சார்? சீனியர் ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல துணியை அவுக்கச் சொல்லுதது ராகிங்கா, இதுவா?

பாளை பேராசிரியர் | 13 ஆகஸ்ட், காலை 9.50

இரண்டும்தான் தம்பி. 2013 சட்டம் பெண்களுக்கு மட்டும். ஆனால் யு.ஜி.சி. விதிமுறை ஆண் மாணவர், மூன்றாம் பாலின மாணவர் பெயரையும் சொல்லி நிறுவனத்தின் பொறுப்பில் வைக்கிறது. கூடவே 1997 தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 2009 யு.ஜி.சி. ராகிங் விதி. ராகிங் உதவி எண் 1800-180-5522. பையன்கள் "கேலி பண்ணினாங்க" என்று சுருக்கித்தான் சொல்வார்கள். துணி, தொடுதல், வீடியோ இருந்ததா என்று கேட்பவர்தான் கேட்க வேண்டும்.

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 13 ஆகஸ்ட், இரவு 9.00

சமரசம் பத்தி. "மன்னிப்புக் கடிதம் எழுதிட்டான், விடும்மா"ன்னு முதல்வர் சொன்னா அது சமரசம் இல்ல. சமரசத்தைப் பொண்ணுதான் கேக்கணும், விசாரணை தொடங்குறதுக்கு முந்தி, எழுத்துல. காசு கைமாறவே கூடாது. வன்புணர்வுக்கெல்லாம் சமரசப் பேச்சே கிடையாது. பையனுக்கு ரகசியமா டி.சி. குடுத்து அனுப்புறது இன்னொரு கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆபத்தைப் பார்சல் கட்டி அனுப்புறது.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: அவசரம். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருத்தர் வழக்குல கமிட்டி பதில் சொல்லப் போதிய அவகாசம் குடுக்காம வேகவேகமா உக்காந்து முடிச்சிட்டு. 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொல்லிட்டு. பாதிக்கப்பட்டவங்கதான் திரும்பவும் முதல்ல இருந்து சொல்லணும். பையனுக்கு நகல் குடுங்க, பத்து நாள் குடுங்க, கேள்விகளை எழுதி வாங்கித் தலைவர் மூலமாக் கேளுங்க. ரெண்டு பேரையும் ஒரே அறையில எதிரெதிரா உக்கார வைக்காதீங்க. கமிட்டிக்கு உள்ள வக்கீல் வர முடியாது, ரெண்டு பக்கத்துக்கும்தான். என் பிழைப்புக்கு நட்டம், ஆனா விதி அது.

மேலப்பாளையம் ஹாஸ்டல் | 14 ஆகஸ்ட், காலை 8.30

"பேரு வெளிய வந்துரும்"னு சொன்னதுக்குப் பதில் வரல அக்கா.

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 14 ஆகஸ்ட், காலை 9.15

பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.ஐ இணையத்துல ஏத்தக் கூடாதுன்னு 2016லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. பேரை வெளியிட்டா பி.என்.எஸ். 72. ஆனாலும் 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வழக்குல எஃப்.ஐ.ஆர். கசிஞ்சுது. உயர் நீதிமன்றம் மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவைப் போட்டு, அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு குடுக்கச் சொல்லிச்சு. ஆக பயம் முழுசாப் பொய் இல்ல. எஃப்.ஐ.ஆர். போடுறப்பவே "இணையத்துல முடக்கி வையுங்க"ன்னு எழுதிக் குடுத்து, ரெண்டு நாள் கழிச்சு தம்பி மாதிரி யாரையாவது விட்டுத் தேடிப் பாக்கச் சொல்லுங்க.

மாநகர எல்லையா, மாவட்ட எல்லையான்னு அலைய விட்டா, எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடணும். மறுத்தா பி.என்.எஸ். 199. வன்புணர்வு வழக்குல வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பொண்ணு சொல்லுத எடத்துல வந்து எடுக்கணும், உங்க ஹாஸ்டல்லயே எடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181க்கு அடிச்சா மாவட்டத்துல உள்ள ஒன் ஸ்டாப் சென்டர்ல சேர்த்துவிடுவாங்க, அங்க தங்கவும் எடம் உண்டு.

மேலப்பாளையம் ஹாஸ்டல் | 14 ஆகஸ்ட், காலை 10.05

சரிக்கா. கமிட்டிக்கு எத்தனை நகல் குடுக்கணும்? அந்த ஒம்பது எழுத்து நம்பர் தலைவரை எங்க புடிக்க?

வண்ணாரப்பேட்டை வக்கீல் | 14 ஆகஸ்ட், காலை 10.20

ஆறு நகல், ஆதாரங்களோட, சாட்சிகள் பேர் முகவரியோட. ஏழாவது உங்களுக்கு, அதுல ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கணும். சீல் போட மாட்டேன்னா அன்னைக்கே முதல்வருக்கு மின்னஞ்சல், தபாலாபீஸ் தொறந்த மொத நாளே ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட். கமிட்டியே இல்லன்னு தெரிஞ்சா கலெக்டருக்கும் மாவட்ட சமூகநல அலுவலருக்கும் ஒரு நகல். கமிட்டி அமைக்காததுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நாளைக்கு சுதந்திர தின லீவு, மறுநாள் சனி, ஆபீஸ் இருக்காது. முடிஞ்சா இன்னைக்கு மதியத்துக்குள்ள குடுத்துருங்க.